தேரின் அகலம்

பிரகாசத்துக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. இருந்த ஒரே வியாதி மரியாதை. வருஷம் முழுக்க அடங்கிக் கிடக்கும் அந்த வியாதி, பொங்கல் முடிந்து செபஸ்தியார் கோயிலில் திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடும். தேர் மெயின் ரோட்டில் போகும். ஆபீசர் காலனியில் போகும். நேற்று முளைத்த நகர்களில் எல்லாம் போகும். சூளைத் தெருவுக்கு மட்டும் வராது.

ஆவடிக்கு வெளியே, முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி இருக்கிற தெரு அது. ஒரு காலத்தில் அங்கே செங்கல் சூளை இருந்தது. சூளை போய்விட்டது, சூளை வேலைக்கு வந்தவர்கள் போகவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது அண்ணனூர் ஷெட்டில் கான்ட்ராக்டில் ரயில் பெட்டி கழுவுகிறார்கள், திருமழிசை கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகிறார்கள். கோயில் கட்டிய செங்கல் மொத்தமும் அந்தச் சூளையில் வெந்ததுதான். வேகவைத்தவர்களின் தெருவுக்குச் சாமி ஏன் வருவதில்லை என்று கேட்டால், தெரு குறுகல், தேர் திரும்பாது என்பார்கள். குறுகல் என்பது நிஜம். அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், மெயின் ரோட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் விளக்கப் போவதில்லை. நம் ஊரில் தெருவின் பெயரைச் சொன்னால் போதும், மிச்சத்தைக் கேட்பவரே தெரிந்துகொள்வார்.

பிரகாசம் அண்ணனூர் ஷெட்டில் கான்ட்ராக்ட் ஆள். தெருவின் ஜெபக் குழுவுக்கு, கோயில் பாஷையில் சொன்னால் அன்பியத்துக்கு, அவர்தான் தலைவர். வருஷா வருஷம் திருவிழாக் கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்க தெருவுக்கும் தேரு வரணும் ஃபாதர்" என்பார். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று பதில் வரும். அவரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

அவர் மனைவி சகாயமேரிக்கு இதில் எல்லாம் பெரிய அக்கறை கிடையாது. அவளுக்கு அடுப்பு இருந்தது. தெரு வளைகிற இடத்தில்தான் அவர்கள் வீடு. வீட்டுக்கு முன்னால் தகரம் போட்டு, மேடை கட்டி, இட்லிக் கடை வைத்திருந்தாள். விடிவதற்குள் கம்பெனி வேனுக்கு நிற்கிறவர்கள் அத்தனை பேரும் அவள் அடுப்பைச் சுற்றித்தான் நிற்பார்கள். இட்லியும் வடைகறியும் வேன் ஹாரன் அடிப்பதற்குள் தீர்ந்துவிடும். கான்ட்ராக்டர் கொடுக்கிற சம்பளம் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. பிள்ளையைப் படிக்கவைத்தது, கட்டிக்கொடுத்தது, பிரகாசம் கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டை, எல்லாமே அந்த அடுப்பிலிருந்து வந்தவைதான்.

பக்தி இல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. தேரன்று ஒரு பொட்டலத்தில் உப்பும் மிளகும் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போவாள். செபஸ்தியாருக்கு உப்பு மிளகு போட்டால் உடம்பில் நோய் தங்காது. ஆனால் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எறிந்தால் எங்கே போய் விழும்? அவள் போட்ட உப்பு ஒரு வருஷம்கூடத் தேர்மேல் விழுந்ததில்லை. முன்னால் நிற்கிற ஆபீசர் காலனிக்காரர்களின் தலையில்தான் விழுந்தது, அவர்களும் திரும்பி முறைத்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவைக்குப் புதிய துணைத் தலைவராக ஆன்சன் வந்தார். பெரிய கம்பெனியில் வேலை. என்ன வேலை என்றால், மனிதர்கள் எல்லோரும் சமம் என்று மற்ற ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கிற வேலை. அதற்குச் சம்பளம் மற்ற ஊழியர்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்று கேள்வி. கெட்ட மனிதர் இல்லை. சூளைத் தெருக்காரர்கள் கொடுத்த டீயை டம்ளரில் வாங்கிக் குடித்தார், கீழே மிச்சம் வைக்கவில்லை. பிரகாசத்தை 'அண்ணே' என்று கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தையில் நம் ஆள் கரைந்துபோனார்.

அந்த வருஷக் கூட்டத்தில் பிரகாசம் எழுவதற்கு முன் ஆன்சன் எழுந்தார். "இந்த சிட்டியில ஏற்றத்தாழ்வு குறையணும்னு எல்லாரும் பேசறோம் ஃபாதர். மொதல்ல நம்ம கோயில்ல குறையட்டும். இந்த வருஷம் தேர் சூளைத் தெருவுக்குப் போகணும்."

யாரோ இருமினார்கள். "தெரு குறுகலாச்சே" என்று ஒரு பழைய குரல் வந்தது.

"அப்ப அகலப்படுத்துவோம். பிரகாசண்ணே, உங்க ஆளுங்க கொஞ்சம் ஒத்துழைச்சா முடியாதா?"

எல்லோரும் பிரகாசத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். தேரைச் சின்னதாக்கலாம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முதலில் தோன்றியிருக்க வேண்டியவர் பிரகாசம். அவருக்கு அப்போது கண்ணில் தண்ணீர் நின்றதால் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேர் நிற்கிற கொட்டகைக்குப் போய், தேரின் அகலத்துக்கும் இரண்டு பக்கமும் ஆள் நடந்து வருகிற அளவுக்கும் சேர்த்து ஒரு மூங்கில் கழியை வெட்டிக்கொண்டு வந்தார். கழியின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை இன்னொருவர் கையில். தெருமுனையிலிருந்து குறுக்காகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கழி எதில் இடிக்கிறதோ அதை உடைக்க வேண்டும். படிக்கட்டில் இடித்தது. துவைக்கிற கல்லில் இடித்தது. ஆட்டுக் கொட்டகையில் இடித்தது. இடிக்க இடிக்கப் பின்னாலேயே கடப்பாரை வந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை, பெண்கள் செபஸ்தியார் பாட்டைப் பாடிக்கொண்டே செங்கல் பொறுக்கிப் போட்டார்கள்.

கன்னியம்மாள் கோயிலுக்கு வருகிறவள் இல்லை, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். புருஷன் போன பிறகு தனியாக இருந்தாள். வாசலோரம் ஓலைத் தட்டியும் அரைச்சுவருமாக ஒரு குளியலறை கட்டிவைத்திருந்தாள், கழி அதிலும் இடித்தது. "எந்த சாமியா இருந்தா இன்னா, வாசலுக்கு வர்ற சாமிய வாணாம்னா சொல்லுவாங்க?" என்று அவளே கடப்பாரையை வாங்கி முதல் குத்துக் குத்தினாள்.

கடைசியில் கழி வளைவுக்கு வந்தது. சகாயமேரியின் அடுப்பு மேடையில் இடித்து நின்றது. அவள் உள்ளே இருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"மேரி, எல்லாரும் ஒடைச்சிட்டாங்க. தலைவரு ஊடு மட்டும் துருத்திக்கினு நின்னா நல்லாவா கீது?"

"தலைவரு ஊட்ல ஒலை வெக்க வேணாமா? இத்த ஒடைச்சிட்டு நாளைக்கு எங்க குந்தி இட்லி ஊத்துறது, ஒன் தலை மேலயா?"

"செபஸ்தியாரு வர்றாரு மேரி. நம்ம தெருவுக்கு."

"வரட்டுமே, நானா வாணான்றேன்? தெருமுனையில தேர நிறுத்துங்க. அவர எறக்கி நாலு பேரு தோள்ல தூக்கிக்கினு வாங்க. தம்மாத்துண்டு சுரூபம் அது, ரெண்டு வயசுப் புள்ள ஒசரம் கூட இல்ல. தெருவ ஒரு சுத்து சுத்திக்கினு திரும்பவும் ஏத்திடுங்க. எவன் ஊட்டையும் ஒடைக்க வேணாம்."

செங்கல் தூளோடு நின்ற கன்னியம்மாள்கூடத் தன்னுடைய இடிந்த சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சகாயமேரி சொன்னதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அதுதான் பிரகாசத்தால் தாங்க முடியவில்லை.

"ஆபீசர் காலனிக்குத் தேரு, நமக்குத் தோளா?" என்று கத்தினார். "அவுங்களுக்கு சீரியல் லைட்டு, பேண்டு, ஜெனரேட்டரு. நமக்கு மட்டும் சாவு எடுத்துக்கினு போற மாதிரி தூக்கிக்கினு வரணுமா? அவுங்களுக்கு எப்டி வருதோ அப்டியேதான் நமக்கும் வரணும்!"

தெரு கை தட்டியது. கைதட்டல் விழுந்த பிறகு பின்வாங்குகிற ஆண்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான்?

"ஒடைச்சிக்கோ" என்றாள் சகாயமேரி. "தேரு லைட்டு ஒரு நாளைக்கு எரியும், அடுப்பு தெனிக்கும் எரியும். ரெண்டுல ஒனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ. நான் கை வெக்க மாட்டேன்."

அவரே உடைத்தார். நன்றாகக் கட்டிய மேடை, சீக்கிரத்தில் பெயரவில்லை. திருவிழா முடிந்ததும் கடைக்குத் தள்ளுவண்டி வாங்கித் தருகிறேன் என்று ஆன்சன் அன்று சாயங்காலமே வந்து சொன்னார். அந்தக் கழியை பிரகாசம் தூக்கிப் போடவில்லை. வீட்டுக் கூரைமேல் பத்திரமாக வைத்தார்.

நல்ல காரியம் என்றால் நாலு பேர் தேடி வருவார்கள் இல்லையா, ஜெயராமன் வந்தார். அந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். சூளைத் தெருவுக்குப் பின்னால் கருவேலம் மண்டிக் கிடக்கிற நிலம் அவருடையதுதான். நிலம் இருந்து என்ன, போக வழி கிடையாது. வரப்பில் நடந்துதான் போக வேண்டும், மாடு போகும், வண்டி போகாது. வெள்ளைச் சட்டையும் நெற்றியில் குங்குமமுமாக வந்து, பிரகாசத்தின் தோளில் கை போட்டார்.

"இன்னா பிரகாசம், தேரு வர்ற தெரு மண்ணா கெடந்தா நல்லாவா கீது? சிமெண்டு ரோடு நம்ம செலவு. சாமி எல்லாருக்கும் பொதுதானே நைனா."

அடுத்த ஞாயிறு பூசையில் இதை அறிவித்தார்கள். இந்துச் சகோதரர் ஒருவர் தேர் வர ரோடு போட்டுத் தருகிறார் என்றதும் கோயிலே கை தட்டியது. ஆன்சன் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். ரோடு சூளைத் தெருவின் கடைசி வீட்டோடு நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் போய்க் கருவேலங்காட்டில் முடிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "தேரு திரும்ப எடம் வேணாமா?" என்றார் ஜெயராமன். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

தேர் வந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். பொழுது சாய்கிற நேரத்தில் பேண்டு வாத்தியம் முன்னால் வர, பல்பும் பூவும் ஜொலிக்க, தேர் சூளைத் தெருவுக்குள் திரும்பியபோது அந்தத் தெரு அழுதது. வடத்தைப் பிடித்திருந்த பிரகாசம் தேம்பித் தேம்பி அழுதார். உடம்பெல்லாம் அம்போடு நிற்கிற செபஸ்தியார், பிரகாசத்தின் வாழ்நாளில் முதல்முறையாக அவர் வீட்டு வாசலில் நின்றார். சகாயமேரி கதவருகில் நின்று கை நிறைய உப்பும் மிளகும் எடுத்துப் போட்டாள். இந்த முறை அது நேராகச் சாமியின் காலடியில் விழுந்தது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் அடுப்பைப் பற்றியதுதானே, சாமியைப் பற்றியது இல்லையே.

"இன்றைக்கு இந்தத் தெருவுக்கும் மற்ற தெருக்களுக்கும் இருந்த வித்தியாசம் அழிந்தது" என்று ஆன்சன் மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். தேர் திரும்பிப் போனது. அவ்வளவுதான்.

கொடி இறங்கியதும் சகாயமேரி பழைய இடத்திலேயே நாலு கம்பு நட்டுத் தகரத்தை மாட்டினாள். ஒரு வாரம் ஓடியது. பிறகு ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். பொது ரோட்டில் ஆக்கிரமிப்பு, எடுங்கள் என்றார்கள்.

"சார், இது எங்க எடம் சார். எங்கப்பா காலத்துலேர்ந்து எங்க வாசலு" என்றார் பிரகாசம்.

"ரோடு போட்டாச்சே, இனிமே இது பொது வழி. எதுக்கு விட்டீங்க?"

"அது தேருக்கு ஒடைச்சது சார்."

"யார் ஒடைக்கச் சொன்னது? நாங்க சொன்னோமா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். சர்க்கார் புல்டோசரோடு வந்திருந்தால் தெருவே குறுக்கே படுத்திருக்கும், மண்ணெண்ணெய் கேனோடு நாலு பேர் நின்றிருப்பார்கள், கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள், இடிந்ததற்கு ஈடாவது கேட்டிருப்பார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு தன் வீட்டைத் தானே இடித்தவனுக்கு எந்தக் கோர்ட்டு என்ன கொடுக்கும்?

அப்புறம் லாரி வந்தது. தேர் போன வழியில் ஜல்லி போயிற்று, கம்பி போயிற்று, கருவேலங்காடு போயிற்று. வழி இல்லாத நிலத்துக்கு வழி பிறந்ததும் ஜெயராமன் அதை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அவரைத் திட்டவும் முடியாது. அவர் யார் வீட்டையும் தொடவில்லை, ஒரு பொன்னாடையைத் தவிரச் சூளைத் தெருவிலிருந்து அவர் எதையும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஆன்சன் சொன்னபடி தள்ளுவண்டியும் வாங்கித் தந்தார், சொன்ன சொல் தவறாத மனிதர். லாரி போகிற தெருவில் அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை. வேனுக்கு நிற்கிறவர்கள் மெயின் ரோட்டுக்குப் போய் நின்றார்கள், வடைகறியை மறந்தும் போனார்கள். வண்டி வீட்டுப் பின்னால் துணி காயப்போட உதவியது.

கன்னியம்மாள்தான் முதலில் போனாள். இடித்த குளியலறையைத் திரும்பக் கட்ட விடவில்லை. லாரிக்காரர்கள் போகிற ரோட்டோரம் தனியாள் எப்படிக் குளிப்பாள்? வந்த விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு மகளோடு போய்விட்டாள். போகும்போது பிரகாசத்தைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வரட்டா தலைவரே" என்றாள், அவ்வளவுதான். அவர் அன்று ஷெட்டுக்குப் போகவில்லை.

அடுத்த வருஷம் தேர் வரவில்லை. லாரி ஓடி ரோடு பெயர்ந்து கிடக்கிறது, சக்கரம் மாட்டிக்கொள்ளும் என்றார்கள். அதற்கு அடுத்த வருஷத்துக்குள் கட்டிடம் எழும்பிவிட்டது. பெரிய கேட்டு, செக்யூரிட்டி, வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிஃப்ட். சகாயமேரி அந்தத் தனி லிஃப்டில் ஏறி மூன்று வீடுகளுக்குச் சமைக்கப் போனாள். அதே இட்லிதான், அடுப்புதான் வேறொருத்தருடையது. ஆன்சனும் அங்கே ஒரு வீடு வாங்கிக் குடிவந்தார். தெருவில் பார்த்தால் வண்டிக் கண்ணாடியை இறக்கி, "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்காமல் போகமாட்டார்.

அந்த வருஷக் கூட்டத்தில், இந்த முறை தேர் சூளைத் தெருவுக்கு வருகிறது என்று அவரே அறிவித்தார். பிரகாசம் ஓட்டமாக வீட்டுக்கு வந்தார்.

"மேரி! தேரு வருது! சொன்னேன்ல? ஒரு வாட்டி வந்த சாமி உடுமா?"

"நம்ம தெருவுக்கா, நம்ம தெரு வழியாவா?" என்று கேட்டாள் சகாயமேரி.

அவர் வெள்ளைச் சட்டையைத் தேடப் போய்விட்டார். ஆனாலும் திருவிழா அன்று அவள் வேலைக்குப் போன வீடுகளில் சொல்லிக்கொண்டு சீக்கிரமே திரும்பினாள். குளித்து, நல்ல புடவை கட்டி, கையில் உப்பும் மிளகும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வாசல் என்று சொல்வதற்கு இப்போது ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தால் ரோடு.

தேர் தெருவுக்குள் வந்தது. எந்த வீட்டின் முன்னும் நிற்கவில்லை, அடுக்குமாடியை மந்திரித்து ஆசீர்வதிக்க ஃபாதர் காத்திருக்கிறார் என்று வேகமாகத் தள்ளினார்கள். வளைவுக்கு வந்ததும் நின்றது. அடுக்குமாடிக்கு விருந்தாளிகள் வந்த கார்கள், உள்ளே இடம் போதாமல் தெருவோரம் வரிசையாக நின்றன. வளைவில், சரியாகச் சகாயமேரியின் அடுப்பு இருந்த இடத்தில், ஒரு பெரிய வெள்ளைக் கார். தேரை இப்படித் தள்ளினார்கள், அப்படித் தள்ளினார்கள். திரும்பவில்லை.

"காரு யாருதுன்னு கேட்டு எடுக்கச் சொல்லலாம் சார்" என்றார் பிரகாசம்.

"வேணாண்ணே. கெஸ்ட்டு வண்டி, கூப்பிட்டா சங்கடப்படுவாங்க" என்றார் ஆன்சன். ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் முகம் மலர்ந்தது. "இதுக்கு ஏன் கஷ்டப்படணும்? செபஸ்தியாரை எறக்கிடுங்க. சின்னச் சுரூபம்தானே, நாலு பேரு தோள் குடுத்தா போதும். தேர் இங்கயே நிக்கட்டும்."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எவ்வளவு எளிமை, எவ்வளவு பக்தி என்று ஒரு அம்மா சொன்னாள். தூக்கக் கம்பு வேண்டுமே என்று தேடினார்கள். பிரகாசத்தின் கூரைமேல் ஒரு நீளமான மூங்கில் கழி கிடப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். இழுத்து, நடுவில் அறுத்து, இரண்டாக்கி, சுரூபம் நிற்கிற பலகைக்கு அடியில் வைத்துக் கட்டினார்கள்.



"பிரகாசண்ணே, நீங்கதான் முன்னாடி வரணும்" என்று ஆன்சன் அவர் கையைப் பிடித்தார். "உங்க தெரு. அந்த மரியாதை உங்களுக்குத்தான்."

மரியாதை என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய தோள் தானாகவே கழியின் கீழே போய்விட்டது. போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அதற்குள் மற்ற மூன்று பேரும் தூக்கிவிட்டார்கள். தேரின் விளக்குகளைப் பின்னால் விட்டுவிட்டு, காருக்கும் சுவருக்கும் நடுவில், சாமி சகாயமேரியின் வாசலை ஒட்டிப் போயிற்று. கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு கிட்டே.

அவள் சாமியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று பிரகாசம் நினைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"கனமா கீதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார். உண்மையாகவே இல்லை. நாலு பேருக்கு அது ஒரு பாரமே இல்லை, பிரகாசம் ஒருவரே இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவை இரண்டு சுற்று வந்திருக்கலாம்.

சகாயமேரி தலையாட்டினாள். போடுவதற்குத் தூக்கிய கையை இறக்கினாள். உள்ளங்கையில் இருந்த உப்பையும் மிளகையும் ஒருமுறை பார்த்து, விரல்களை மூடிக்கொண்டாள்.

"ரசத்துக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.